ஏழாம் மைல் தொட்டியில் ஒரு தொய்ந்த கம்பி

வெல்மா பாஸ்கோ போட்ட வேலியில் கம்பி தொய்ந்து பார்த்தேன் என்று சொல்ல இந்தப் பக்கத்தில் ஒரு ஆள் கிடையாது. சொன்னால் அவனை யாரும் நம்பப் போவதும் இல்லை. போர்ட் அகஸ்டாவுக்கு மேற்கே, உப்புப்புதரைத் தவிர வேறெதுவும் முளைக்க யோசிக்கிற இந்தச் செம்மண்ணில், இருபத்து மூன்று வருஷம் ஆட்டுப் பண்ணைகளுக்கு வேலி போட்டவள் அவள். கம்பியை இழுத்து இறுக்கி, விரலால் ஒரு சுண்டு சுண்டுவாள். 'டிங்' என்று வந்தால்தான் அடுத்த கம்பிக்குப் போவாள். 'டொய்ங்' என்று வந்ததோ, தொலைந்தது. அவிழ்த்து மறுபடியும் முதலிலிருந்து கட்ட வேண்டும். கூட வேலை பார்த்த ஆம்பிளைகள் அவள் காதுபட முணுமுணுத்துக்கொண்டே அவிழ்ப்பார்கள்.

தொழில் அவளுக்குப் புருஷன் விட்டுப்போனது. ரெக்ஸ் என்கிற அந்தப் புண்ணியவான், கம்பளி கத்தரிக்கும் முகாமுக்குச் சமைக்க வந்தவளோடு குவீன்ஸ்லாந்துக்குக் கிளம்பிப் போனது 1971-இல். பின்னால் கிடந்தது பாதியில் நின்ற வேலி ஒன்று, கம்பி இறுக்குகிற கருவி ஒன்று, எட்டு வயது மகன் லிண்டன்.

"மூணும் நல்ல சாமான். கழிவு மட்டும் தானா நடந்து போயிடுச்சு" என்பாள் வெல்மா. அவள் அழுததாகவும் யாரும் சொன்னதில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்தப் பாதி வேலியில் நின்றாள்.

வேலி முகாமுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் எது? லிண்டன் படித்ததெல்லாம் ரேடியோவில்தான். லாரிக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு கம்பியைக் கட்டிவிடுவாள். பையன் கேரவனுக்குள் உட்கார்ந்து, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற டீச்சருக்கு வாய்ப்பாடு ஒப்பிப்பான். இரைச்சலுக்குள்ளே புதைந்து கிடக்கிற குரலைத் தோண்டி எடுக்க அம்மாவும் பிள்ளையும் அப்போதுதான் கற்றுக்கொண்டார்கள். பதின்மூன்று வயதில் அவன் போர்ட் அகஸ்டா விடுதிக்குப் படிக்கப் போனான். கேரவனில் ரேடியோ வாயை மூடிக்கொண்டது. அந்த அமைதியை வெல்மாவால் இரண்டு வருஷம்கூடத் தாங்க முடியவில்லை. பரீட்சை எழுதி, சொந்தமாக அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கிவிட்டாள்.

இது நடந்தது 1996 ஜூலையில். வெல்மாவுக்கு அறுபத்தாறு வயது. வேலி வேலையை விட்டு இரண்டு வருஷமாகி, ஏழாம் மைல் தொட்டி என்கிற இடத்தில், ஒரு தகர வீட்டில், டிக்கெட் என்கிற நாயோடு தனியாக இருந்தாள். நாய்க்கு ஏன் அந்தப் பேர் என்று கேட்டால், "ரயில்ல வந்துது, டிக்கெட் இல்லாம" என்பாள். பக்கத்து வீடு எழுபது கிலோமீட்டர். ஜூன் மாத இடியில் டெலிபோன் செத்துப் போயிருந்தது. "வர்றோம், வர்றோம்" என்று சொன்னவர்கள் வந்தபாடில்லை. அவளுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் லிண்டனுக்குத்தான்.

ஈஸ்டர் சமயத்தில் பம்பு கொட்டகையில் அவள் கால் பிசகி விழுந்து ஐந்து மணி நேரம் கிடந்திருக்கிறாள். அதை அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், வேடிக்கைக் கதை மாதிரி மகனிடம் சொல்லிவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. பேஸ்ட்ரியை அப்படியே தட்டில் வைத்துவிட்டான்.

"அம்மா, எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு தனி வீடு காலியா இருக்கு. நீ அங்க வந்துடு."

"பின்னாடி வீட்டுல இருந்து நான் என்னத்தைப் பாக்கறது? உன் துணிக்கொடியையா?"

"நான் வேடிக்கைக்குச் சொல்லல."

"நானும்தான்."

ஒத்தைக்காலில் நிற்கிற இரண்டு பேர். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். தினமும் காலை ஏழரைக்கு ரேடியோவில் ஒரு கூட்டம் கூடும். க்வார்ன் ஊரில் இருக்கிற எர்வின் நோஸ்கே என்கிற பழைய ரயில்வேக்காரர் ஒவ்வொருத்தர் பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். ஒருத்தர் சேர்ந்தாற்போல் மூன்று நாள் பதில் சொல்லாவிட்டால், எர்வின் அவர் வீட்டாருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவார். இந்தப் பக்கத்தில் வெகுகாலமாக இருக்கிற வழக்கம் அது. லிண்டன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"மூணு நாள் உன் குரல் வரலேன்னா நான் ட்ரெய்லரோட வருவேன். மறுபேச்சு பேசாம நீ ஏறணும்."

"ட்ரெய்லர்லயா?"

"உன் சாமான் ட்ரெய்லர்ல. நீ முன்னாடி."

"சரி போ. மூணு நாள் என்ன, மூணு நிமிஷம்கூட நான் வாயை மூடினது கிடையாதே" என்று கையடித்துக் கொடுத்தாள்.

அப்புறம் குளிர்காலம் வந்தது. சூரியனில் கரும்புள்ளிகள் குறைந்து, ரேடியோ அலைகளின் போக்கே மாறிப்போன வருஷம் அது. கூட்டம் வழக்கமாகக் கூடுகிற அலைவரிசையில், வெகுதூரத்தில் இருக்கிற பெர்த் நகரத்துக்காரன் பக்கத்து அறையில் இருப்பது போலக் கேட்பான். இருநூறு கிலோமீட்டரில் இருப்பவன் குரல் மட்டும் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். அதனால் எர்வின் இரண்டு வாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்: வருகிற திங்கள்கிழமை முதல் கூட்டம் கீழ் அலைவரிசைக்கு மாறுகிறது, அவரவர் ஆன்டெனாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. வெல்மாவும் கேட்டாள். 'பாத்துக்கலாம்' என்றாள். அவளுடைய கம்பி மேல் அலைவரிசைக்கு மட்டும் அளந்து வெட்டியது. எப்படியோ சமாளித்துக்கொள்ளும் என்று நினைத்தாள்.

அது சமாளிக்கவில்லை. திங்கள்கிழமை எர்வின் கூப்பிட்டார். வெல்மா 'இருக்கேன்' என்று கத்தினாள். ரேடியோவின் முகத்தில் இருக்கிற முள் வலது கோடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அனுப்புகிறது வெளியே போகாமல் திரும்பி வருகிறது என்று அதற்கு அர்த்தம். எர்வின் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். வெல்மா அன்று முழுக்கக் கேபிளைத் துடைத்தாள், இணைப்பைத் துடைத்தாள், ரேடியோவைத் திட்டினாள். குற்றம் கம்பியின் நீளத்தில் என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு ஒரு நாள் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை காலையிலும் அதே கதை. எர்வின் குரல் இரைச்சலுக்குள்ளிருந்து வந்தது.

"ஏழாம் மைல் தொட்டி, வெல்மா... வெல்மா, இருக்கியா?... இல்ல. ரெண்டாவது நாள். குறிச்சுக்கறேன்."

"இருக்கேன்யா! குத்துக்கல்லாட்டம் இங்கதான் உக்காந்திருக்கேன்!"

யாருக்குக் கேட்கிறது? டிக்கெட் மட்டும் காதை நிமிர்த்திப் பார்த்தது. லிண்டன் சொன்னால் சொன்னதுதான். இவள் பெற்ற பிள்ளை அல்லவா? வண்டியை எடுத்துக்கொண்டு எழுபது கிலோமீட்டர் போய்ப் பக்கத்து வீட்டில் போன் பண்ணலாம். பண்ணினால் என்ன சொல்வான்? 'அடுத்த தடவை உன்னால வண்டி ஓட்ட முடியலேன்னா?' என்பான். இந்த வீட்டிலிருந்தே குரல் போக வேண்டும், அதுவும் நாளைக் காலை ஏழரைக்குள். இல்லாவிட்டால் மிச்ச காலம் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டுதான்.

"இருட்ட இன்னும் பத்து மணி நேரம் இருக்கு" என்று நாயிடம் சொன்னாள். "பத்து மணி நேரத்துல நான் ஒரு மைல் வேலி போட்டவ."

டீயைக் குடித்துவிட்டு, இரண்டு ஆட்டுக்கறித் துண்டுகளைப் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு இறங்கினாள். ஏலத்தில் எப்போதோ எடுத்த செம்புக் கம்பிச் சுருள் ஒன்று கொட்டகையில் கிடந்தது. செய்கிறதுதான் செய்கிறோம், ஒன்றுக்கு மூன்றாகச் செய்வோம் என்று முடிவு கட்டினாள். கிட்டத்தில் இருப்பவனோடு பேச நீளக் கம்பி, வெகுதூரத்தில் இருப்பவனோடு பேசக் குட்டைக் கம்பி. கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் அப்படித்தான். நடுவில் ஒரே கேபிள். அதிலிருந்து இரண்டு பக்கமும் இறக்கை விரித்த மாதிரி மூன்று ஜோடிக் கம்பிகள். இருபது மீட்டரில் ஒரு ஜோடி, எர்வினுக்கும் கூட்டத்துக்கும். பத்து மீட்டரில் ஒரு ஜோடி, டாஸ்மேனியாவுக்கு. ஐந்து மீட்டரில் ஒரு ஜோடி, கடல் தாண்டி இருக்கிற தீவுகளுக்கு. ரேடியோ எந்த அலைவரிசையில் பேசுகிறதோ, அந்த ஜோடி மட்டும் வேலை செய்யும். மற்ற இரண்டும் தேமே என்று இருக்கும்.

அளந்தாள், வெட்டினாள். ஒன்றோடொன்று உரசாமல் இருக்க, பாசனத்துக்குப் போடுகிற கறுப்புக் குழாயைச் சாண் சாணாக நறுக்கி, ஓட்டை போட்டு, கம்பிகளை அவற்றில் கோத்துவிட்டாள். தண்ணீர்த் தொட்டி மேடையில் ஒரு இரும்புக் குழாயை நிறுத்தி, நடுப்பகுதியை அதன் உச்சிக்கு ஏற்றினாள். ஒரு கோடி, கிணற்றுக் காற்றாடிக் கோபுரத்தில். மறுகோடிக்கு வீட்டுக்கு மேற்கே நிற்கிற பெரிய தைலமரம். ஏணியில் ஏற மாட்டேன் என்று ஈஸ்டரில் இன்னொரு சத்தியமும் வாங்கியிருந்தான் மகன். அதனால் ஒரு ஸ்பானரில் கயிற்றைக் கட்டிக் கிளைக்கு மேலே விட்டெறிந்தாள். முதல் எறி நாய்க்கூண்டின் கூரையில் விழுந்தது. இரண்டாவது அவள் முதுகுக்குப் பின்னாலேயே விழுந்தது. மூன்றாவது எறி கிளையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது.

"பாத்தியா?" என்றாள். டிக்கெட் தூரத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

அப்புறம் அவள் செய்ததைத்தான் வேலிக்காரி ஒருத்தியைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். கொட்டகைக்குப் போய், ரெக்ஸ் விட்டுப்போன கம்பி இறுக்கியை எடுத்துக்கொண்டு வந்தாள். மரத்தடியில் கயிற்றை அதில் மாட்டி, பல் பல்லாக இழுத்தாள். தொங்கிக்கொண்டிருந்த கம்பிகள் மெல்ல மெல்ல எழும்பி, கோடு கிழித்த மாதிரி நேராக நின்றன. துரட்டிக் கம்பை எடுத்து எட்டித் தட்டினாள். 'டிங்' என்றது. வெல்மாவின் முகத்தில் வந்த திருப்தியைப் பார்க்க அங்கே ஆள் இல்லாமல் போனது எனக்கு வருத்தம்தான்.

முள்ளைப் பார்த்தாள். கம்பி நீளம் கூடிப் போயிருக்கிறது என்று அது காட்டியது. சரியாகத்தானே அளந்தோம் என்று யோசித்தாள். வேலிக்கம்பி எஃகு, இழுத்தால் முறைத்துக்கொண்டு நிற்கும். செம்பு அப்படி இல்லை, இழுக்க இழுக்க நீண்டு கொடுக்கும். அது அப்போது அவள் புத்தியில் ஏறவில்லை. இறக்கி, நுனியில் ஒரு சாண் நறுக்கினாள். ஒரு ஜோடியை நறுக்கினால் அடுத்த ஜோடியின் முள் நகர்ந்தது. அதை நறுக்கினால் இது நகர்ந்தது. நான்கு தடவை ஏற்றி இறக்கி, மத்தியானம் இரண்டு மணிக்கு, மூன்று அலைவரிசையிலும் முள் இடது ஓரத்தில் படுத்துக்கொண்டது.

எர்வினும் கூட்டமும் அந்த நேரத்தில் ரேடியோப் பக்கம் இருக்க மாட்டார்கள். சும்மா இருப்பானேன் என்று தீவு அலைவரிசையில் கூப்பிட்டுப் பார்த்தாள். ஃபிஜியிலிருந்து ஜோசேஃபா என்கிற பள்ளிக்கூட வாத்தியார் உடனே பதில் கொடுத்தார். வருஷத்தில் நாலைந்து தடவை பேசுகிற பழக்கம்.

"வெல்மா! என்ன இது, காதுக்குள்ள வந்து கத்தறீங்க! புதுசா ஏதாவது கட்டினீங்களா?"

"இன்னிக்குத்தான். மூணு ஜோடி. தட்டினா மணி மாதிரி சத்தம் வருது."

"தட்டினா சத்தம் வருதா?" என்று இழுத்தார் ஜோசேஃபா. "எதுல கட்டியிருக்கீங்க?"

"ஒரு பக்கம் இரும்புக் கோபுரம். ஒரு பக்கம் மரம்."

"ஐயையோ. மரம் ஆடுமே! எங்க ஊர்ல எல்லாம் தென்னை. ஆரம்பத்துல நானும் விறைப்பாத்தான் கட்டினேன். மாசத்துக்கு ஒண்ணு அறுந்துது. மரத்துல ஒரு கப்பி போடுங்க. கயிறை அது வழியா விட்டு, நுனியில மண்ணு ரொப்பின வாளியைத் தொங்க விடுங்க. மரம் ஆடட்டும், வாளி ஏறி இறங்கும். கம்பி கொஞ்சம் தொய்வா இருக்கணும்."

"தொய்வாவா?"

"தொய்வாத்தான்."

"ஜோசேஃபா, நீங்க நல்ல மனுஷன். ஆனா தொய்வா கம்பி கட்டறது எனக்குப் பழக்கம் இல்ல."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். வெல்மா டீ போட்டாள். கப்பியாம், வாளியாம், கிணற்றடியா இது என்று தனக்குள் நொடித்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு வடக்குக் காற்று கிளம்பியது. முதலில் காற்றாடி சுழன்றது. அப்புறம் கூரைத் தகரம் பேசியது. வெல்மா ஜன்னல் வழியாகப் பார்த்தபோது தைலமரம் தலையை ஒரு முழம் இந்தப் பக்கம், ஒரு முழம் அந்தப் பக்கம் என்று ஆட்டிக்கொண்டிருந்தது. கோபுரம் அசையவில்லை. நடுவில் அவளுடைய கம்பி 'டிங்' என்றது, அவள் தட்டாமலே. இன்னொரு 'டிங்'. அப்புறம் சவுக்கடி மாதிரி ஒரு சத்தம். மரத்துப் பக்கத்து நீளக் கம்பி நடுவில் அறுந்து, குட்டைக் கம்பிகளையும் இழுத்துக்கொண்டு, குழாய்த்துண்டுகளோடு சேர்ந்து முற்றத்தில் ஆட்டுக்குடல் மாதிரி விழுந்தது.

வெல்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். இருட்ட இன்னும் ஒன்றேகால் மணி நேரம். அவளுக்கு அழுகை வந்தது. கம்பி அறுந்ததற்காக இல்லை. இருபத்து மூன்று வருஷம் கம்பியோடு வாழ்ந்தவளுக்குக் கம்பியே துரோகம் செய்துவிட்டதே என்று வந்தது. அந்தப் பின்னாடி வீடும் துணிக்கொடியும் ஒரு நிமிஷம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மதில் தெரியும். டிக்கெட்டைச் சங்கிலியில் கட்டித்தான் வெளியே கூட்டிப் போக வேண்டும்.

"சீ, எந்திரி" என்று தன்னையே அதட்டினாள். "தென்னைக்காரன் சொன்னதைச் செஞ்சு தொலை."

அறுந்த நுனிகளைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அறுந்த இடத்தில் கம்பி ஊசி மாதிரி மெலிந்திருந்தது. காலையிலிருந்து முள் ஏன் நீளம் நீளம் என்று சொன்னது என்பதும் விளங்கியது. இவள் இழுத்த இழுப்பில் செம்பு மிட்டாய்ப் பாகு மாதிரி நீண்டிருக்கிறது. மெலிந்த பகுதியை வெட்டித் தள்ளிவிட்டு, சுருளிலிருந்து புதுக் கம்பி சேர்த்து, முறுக்கி, ஈயப்பற்று வைத்தாள். கொட்டகையில் தண்ணீர் இறைக்கிற பழைய கப்பி இருந்தது. கிளைக்கு மேலே கிடந்த கயிற்றால் கப்பியை மேலே ஏற்றி, இன்னொரு கயிற்றை அதற்குள் ஓடவிட்டாள். வாளி எடுத்தாள். மண் அள்ளப் போனவள் நின்றாள். மண் எதற்கு? கொட்டகை மூலையில் சாக்கு நிறைய வேலி ஆணி துருப்பிடித்துக் கிடந்தது. அதைக் கொட்டி வாளியை ரொப்பினாள்.

வாளி தொங்கியது. கம்பி எழும்பி, நடுவில் வயிறு தொங்கி நின்றது. வெல்மாவின் கை தன்னால் கம்பி இறுக்கியைத் தேடிப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தூக்கிக் கொட்டகைக்குள் எறிந்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். மரம் ஆடியது. வாளி ஏறி இறங்கியது. கம்பி சும்மா இருந்தது. வெளிச்சம் போகிற நேரத்தில் கடைசித் தடவை நறுக்கி, முள்ளைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். தூங்கினாள், நன்றாகவே தூங்கினாள்.

புதன்கிழமை ஏழரை. காற்று இன்னும் ஓயவில்லை. ஜன்னலுக்கு வெளியே வாளி தன் பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எர்வின் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்தார். அவள் பெயர் வருவதற்கு முன்னால் ஒரு தயக்கம் இருந்ததாக வெல்மாவுக்குத் தோன்றியது.

"ஏழாம் மைல் தொட்டி. வெல்மா... இருக்கியா?"

"இருக்கேன்."

கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். முள் இடது ஓரத்தை விட்டு அசையவில்லை.

"அடக் கடவுளே, வெல்மா! எங்கடி போயிருந்த ரெண்டு நாளா? உன் பிள்ளைக்குப் போன் பண்ண நம்பரை எடுத்து வெச்சுட்டேன்!"

"நம்பரை உள்ள வை. நான் எங்கேயும் போகல, போகவும் மாட்டேன்."

நாலைந்து பேர் ஒரே நேரத்தில் மைக்கை அமுக்கிச் சிரித்தது கரகரவென்று கேட்டது. வெல்மா இரண்டு முட்டை பொரித்தாள். ஒன்றை நாய்க்குப் போட்டாள்.

ஒன்பது மணிக்குச் செம்மண் புழுதி கிளம்பியது. வண்டி. வண்டிக்குப் பின்னால் ட்ரெய்லர். வெல்மா கம்பி வெட்டுகிற குறடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, படியில் இறங்கி நின்றாள். லிண்டன் கதவைத் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"மூணு நாள்னு பேச்சு! ரெண்டு நாள்லயே கிளம்பி வந்திருக்க! நான் இன்னிக்குப் பேர் கொடுத்தாச்சு, எர்வினைக் கேளு! ட்ரெய்லர் காலியாத்தான் வந்துது, காலியாவே போகும்!"

"தெரியும்மா."

"என்ன தெரியும்? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே கேட்டேன்."

அவன் வண்டிக்குள் கையைக் காட்டினான். பக்கத்து சீட்டில் ஒரு பழைய ரேடியோப் பெட்டி இருந்தது. பேச முடியாது, கேட்க மட்டும்தான். சீட்டுக்கு அடியில் சுருட்டிய ஒரு கம்பி.

"ஏழு இருபத்தஞ்சுக்கு ரோட்டோரமா நிறுத்தினேன். கம்பியைப் புதர் மேல வீசிப் போட்டேன். சின்ன வயசுல நீ மரத்துல கட்டுவியே, கிட்டத்தட்ட அது மாதிரி. 'இருக்கேன்'னு சொன்ன பாரு, அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துது."

வெல்மா குறட்டைக் கீழே இறக்கினாள்.

"இதை எப்போ வாங்கின?"

"ஈஸ்டர் முடிஞ்ச வாரம். சமையல்கட்டு ஜன்னல்ல வெச்சிருக்கேன். தினமும் கேட்டுட்டுத்தான் வேலைக்குப் போவேன். திங்கக்கிழமை எர்வின் உன்னை மூணு தடவை கூப்பிட்டாரு. டோஸ்ட் கருகிப் புகை வந்தது கூடத் தெரியாம நின்னுட்டிருந்தேன். நேத்தும் அப்படித்தான். மூணாவது நாள் வரைக்கும் பொறுக்க முடியலம்மா. விடியறதுக்குள்ள கிளம்பிட்டேன்."

இத்தனை நாளும் அவன் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு இவள் எப்போது தவறுவாள் என்று காத்திருக்கிறான் என்று வெல்மா நினைத்திருந்தாள். அவன் காத்திருந்தது இவள் குரலுக்கு.

"உள்ள வா. முட்டை போடறேன்" என்றாள் கடைசியில்.

அவன் வரவில்லை. தலையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் மாறிப்போயிருந்தது.

"அம்மா."

"என்ன?"

"கம்பி தொய்ஞ்சிருக்கு."

"இருக்கட்டும்."

"இருக்கட்டுமா? நீயா சொல்ற? உனக்கு உடம்பு சரியில்லையா?" நேரே கொட்டகைக்குப் போனான். கம்பி இறுக்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். "இரு, ரெண்டு நிமிஷத்துல..."

"டேய்! தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்! அது தொய்வாத்தான் இருக்கணும்!"

லிண்டன் கருவியைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தான். வாளி ஏறி இறங்குவதைப் பார்த்தான். வாளிக்குள் இருந்த வேலி ஆணிகளைப் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். தொட்டி மேடையில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு முட்டச் சிரித்தான்.

"எட்டு வயசுல 'டொய்ங்'னு சத்தம் வந்ததுக்காக ஒரு முழு வரிசையையும் அவிழ்க்க வெச்சியே என்னை! மழையில!"

"அது வேலி. இது வேற. சிரிச்சது போதும், உள்ள வா, முட்டை போடறேன்."

மத்தியானம் அவன் புறப்படும்போது ட்ரெய்லர் காலியாகப் போகவில்லை. வேலி போடும்போது தோண்டி எடுத்த குட்டைத் தைலமர வேர்க்கட்டைகளை வெல்மா வருஷக்கணக்காகக் குவித்து வைத்திருந்தாள். அடுப்புக்கு அதை மிஞ்சின விறகு கிடையாது. இரண்டு பேருமாக ட்ரெய்லர் நிறைய ஏற்றினார்கள். பின்னாடி வீட்டைப் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை. ஆகஸ்டில் ஒரு வாரம் வந்து இருக்கிறேன் என்று அவளே சொன்னாள். "ஒரு வாரம்தான். நாயும் வரும்."

வியாழக்கிழமை ஏழரைக்கு எர்வின் பெயர் படித்தார்.

"ஏழாம் மைல் தொட்டி, வெல்மா?"

"இருக்கேன். இன்னொரு விஷயம். லிண்டன், டோஸ்ட்டைப் பாரு. கருகுது."

எர்வினுக்குப் புரியவில்லை. "லிண்டனா? வெல்மா, உன் பிள்ளைகிட்ட லைசென்ஸ் கிடையாதே. அவனால பதில் சொல்ல முடியாதே?"

"தெரியும்" என்றாள் வெல்மா. "முப்பது வருஷத்துல முதல் தடவையா, நான் சொல்றதை அவன் எதிர்த்துப் பேசாம கேக்கறான். நீ நடுவுல பேசாதே."